நீளம் போதாத ரிவெட்

சொன்னால் முகம் சுண்டிப்போகும். வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையை நமக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்படி நினைத்தபடி அவள், ஸ்டூல் மேல் நிற்கும் கணவனின் தம்பியை அண்ணாந்து பார்க்கிறாள். நேற்று மதியம் சுவரிலிருந்த அலுமினிய ஷெல்ஃபின் ஒரு மூலை பிய்ந்து, அதன் மேலிருந்த இஸ்திரிப்பெட்டி குழந்தையின் தலையணையில் விழுந்தது. குழந்தை அப்போது அவள் இடுப்பில் இருந்தது. இன்று தட்டுக்கு அடியில் புதிதாக ஒரு பட்டை கொடுத்து, இரண்டையும் துளைவழியே சேர்த்துக் கவ்வும் ரிவெட் ஆணிகளை அவர் அடிக்கிறார். பழைய ரிவெட்டின் நீளத்திலேயே வாங்கியிருக்கிறார். பட்டை சேர்ந்ததில் தடிமன் கூடிவிட்டது. ரிவெட்டின் முனை அடியில் நீட்டிக்கொண்டிருந்தால்தான், நடுக்கம்பியை இழுக்கும்போது விரிந்து இறுகும். மேலே நிற்கிற அவருக்குத் தெரியவில்லை. கீழிருந்து பார்க்கிற அவளுக்கு வெறும் துளைகள்தான் தெரிகின்றன. இழுத்த கம்பி ‘டக்’கென்று அறுபடும் ஒவ்வொரு முறையும் அவள் தோள் தூக்கிப்போடுகிறது.

“தம்பி, அடியில ஒண்ணும் வெளியே வரலையே?”

“இழுத்தா கவ்விக்கும் அண்ணி. மேல யானையையா ஏத்தப் போறீங்க?”

அவர் சிரிக்கிறார். அவளும் பழக்கதோஷத்தில் சிரித்துவிடுகிறாள். உடனே தன் மேலேயே எரிச்சல் வருகிறது. கடைசி ரிவெட்டும் முடிகிறது. அவர் இறங்கிக் கைகளைத் துடைத்துக்கொள்கிறார்.

“ஆச்சு. கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிடுங்க அண்ணி.”

குழந்தை தூங்கும் கட்டிலின் விளிம்பில் அவள் விரல்கள் இறுகுகின்றன.

“இதைவிட நீளமா வாங்கிட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் கட்டில் இங்கேயே இருக்கட்டும்” என்கிறாள், குழந்தை விழித்துவிடாத குரலில்.