மலை தெரியாத இடம்

"எங்கண்ணன் ரீலை எதுக்குங்க லூஸ் பண்றீங்க?"

வாய் வரை வந்துவிட்ட கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டாள் சந்திரகலா.

அடி அண்ணாமலை ஏரிக்கரை. அவள் புருஷன் விமல்ராஜ் சற்று முன்புதான் தன் தூண்டில் நரம்பைத் தொங்குதராசில் மாட்டி இழுத்துப் பார்த்தான். தராசு மூணு கிலோ காட்டியதும் ரீல் நரம்பை விட்டது.

"இதான் டிராக். ரொம்ப இறுக்கினா பெரிய மீன் நரம்பை அறுத்துடும். ரொம்பத் தளர்த்தினா கழட்டிக்கிட்டு ஓடிடும்" என்று அவளுக்குப் பாடம் வேறு.

பாடம் சொன்னவன், அவள் அண்ணன் மாறன் டீ வாங்கப் போன நேரம் பார்த்து அவன் ரீல் திருகை மட்டும் ரெண்டு சுற்று தளர்த்திவிட்டான்!

ஒரு மாசமா அண்ணனுக்கு ஒரு பெரிய மீனும் தங்கவில்லை. "எனக்கு ராசியில்ல பாப்பா" என்று தொங்கின முகத்தோடு வருவான். ராசியாம் ராசி! பக்கத்திலேயே சனி உட்கார்ந்திருக்கே!

விமல்ராஜ் அந்தப் பக்கம் திரும்பியதும், திருகை இறுக்க இறுக்கத் திருகி வைத்தாள்.

மாறன் வந்தான். டீயைக் கொடுத்துவிட்டுத் தூண்டிலை வீசினான்.

"உங்க குட்டு உடைஞ்சுது. அண்ணன் ரீலை நான் டைட் பண்ணிட்டேன்" என்றாள் புருஷனிடம், மெல்ல.

விமல்ராஜுக்கு முகம் வெளுத்தது. அவளைத் தரதரவென்று புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"இங்க எதுக்கு?"

"இங்கதான் மலை தெரியாது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மலையைப் பார்த்து சத்தியம் வாங்கியிருக்கான் உங்கண்ணன்."

"என்னத்தை?"

"சென்னைக்கு வேலையா போனானே, அது வேலையில்ல. குடலிறக்கம், ஆபரேஷன். மூணு மாசம் தண்ணிக் குடம்கூட தூக்கக் கூடாதாம். தூண்டிலைத் தொடாதேன்னா கேக்கறானா? பெரிய மீன் இழுத்தா தையல் என்னத்துக்கு ஆவும்?"

"பாப்பா! மாட்டிக்கிச்சு! பெருசு!"

தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. மாறன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

ஒரே ஓட்டம். ரீல் திருகைப் பிடித்து மடமடவென்று தளர்த்தினாள் சந்திரகலா.

கிர்ர்ர்ர்... நரம்பு ஓடியது. மீனும் போயே போய்விட்டது.

"அடிப்பாவி! உன் புருஷன்தான் ராசியில்லாதவன்னு பார்த்தா, நீ அவனுக்கு மேல இருக்கியே!"

சந்திரகலா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாண்ணே, ரெண்டு பேரும் அப்படித்தான். டீ ஆறுது, உக்காந்து குடி."