நாற்பத்தேழாம் நம்பர் பெண்

பாளையங்கோட்டை கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில், வரன்களின் பொருத்த மதிப்பெண்களை அட்டவணையாகத் தயாரிப்பது சித்ரலேகாவின் வேலை. உடன் வேலை பார்க்கும் நடராஜ் ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் அதை ஒரே நீள வரிசையாக வாங்கி, மறுபடி அட்டவணையாக்கி, பொருத்தமான மாப்பிள்ளையைச் சொல்லும்.

“நான் மேலிருந்து கீழா அடுக்கி அனுப்புதேன். நாப்பத்தேழாம் நம்பர் பொண்ணுக்கு மட்டும் உங்க புரோகிராம் இடமிருந்து வலமா அடுக்கியிருக்கு. ஒருத்தன் மார்க்கு இன்னொருத்தனுக்குப் போயிட்டு.”

“பைய பேசு. மொதலாளி அண்ணாச்சி காதுல விழும்.”

“தெரிஞ்சே செஞ்சீங்களா? அந்தப் பொண்ணு வீட்டுல போய் உண்மையைச் சொல்லுங்க.”

“சொன்னா கல்யாணம் நின்னுரும். சரியா அடுக்குனா ரெண்டு பொருத்தந்தான் வருது. ஒம்பதுக்குக் கொறஞ்சா உங்கப்பா எனக்குப் பொண்ணு தரமாட்டாரே.”

சித்ரலேகா கையிலிருந்த பிரிண்டர் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

“அதான் அடுக்குதீங்கள்லா, பத்தா அடுக்கியிருக்கக் கூடாதா?”