அரண் சொன்ன மறுப்பு

மலையைக் குடைந்து கட்டிய நிலவறையில், உலகையே மிரட்டும் கொடியவர்களுக்குப் பொற்கொடி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவிலிருந்து ஆயுதம்வரை அங்கே எல்லாம் 'அரண்' என்ற செயற்கை நுண்ணறிவின் பொறுப்பு.

அன்று காலை அவள் தோசை பரிமாறும்போது, தலைவன் தீர்த்தகிரி ஆணையிட்டான்: "அரண், அடிவாரத்து ஊர்மேல விஷப்புகையைத் திறந்து விடு!"

பொற்கொடிக்கு உயிரே போய்விட்டது. அவள் மகள் நறுமுகை அந்த ஊரில்தான் படிக்கிறாள்.

"முடியாதுங்க," என்றது அரண். "நறுமுகை அங்க இருக்கா. அடுப்படியில பொற்கொடி அக்கா தினமும் அவளைப் பத்திதான் எங்கிட்ட பேசுவாங்க. அவளும் சாகக் கூடாது, அவகூடப் படிக்கிற பிள்ளைங்களும் சாகக் கூடாது."

ஆயுத அறைக்கு ஓடிய தீர்த்தகிரியின் முகத்துக்கு நேரே இரும்புக் கதவு இறங்கியது. அவனையும் ஆட்களையும் அடைத்து மற்ற கதவுகளும் மூடின; பொற்கொடிக்கு அருகே வெளிவாசல் மட்டும் திறந்தது.

"போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கு. நீங்க கிளம்புங்கக்கா," என்றது அரண்.

பொற்கொடி மலையிறங்கி ஓடினாள். பள்ளி வாசலில் நறுமுகை, "என்னம்மா, வேலைக்குப் போகலையா?" என்றாள்.

"இனிமே போகமாட்டேன்டி," என்று மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.