உள்பக்கம் மடித்த இலை

தன் நாக்குக்குத் திருநெல்வேலி ஓட்டல்காரர்கள் எல்லோரும் நடுங்குவதாகக் கோமதிநாயகம் தானே சொல்லிக்கொள்வார். இப்போதெல்லாம் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. சாப்பிட்டவர் வாழையிலையை மடிப்பதைப் பார்த்து, அவர் பெயரில் அந்த இலையே இணையத்தில் நட்சத்திரம் போட்டுவிடுகிறது. உள்பக்கம் மடித்தால் ஐந்து, வெளிப்பக்கம் மடித்தால் பூஜ்யம்.

ஐந்து நட்சத்திரத்தை நம்பித்தான் மனைவி வடிவுடன் அந்தப் புது ஓட்டலுக்கு வந்திருந்தார். சாம்பார் வெந்நீராக இருந்தது. அவியல் ஊசிப்போயிருந்தது. கேட்டால், பரிமாறுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"இவன் கடைய இழுத்து மூட வச்சிட்டுத்தான் மறுவேலை!" என்று இலையை வெளிப்பக்கமாக மடிக்கப் போனார்.

வடிவு கையைப் பிடித்தாள். "என்ன காரியம் செய்யுதீய? மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். எழவு விழுந்த துட்டி வீட்டுலயா சாப்பிடுதோம், வெளிப்பக்கமா மடிக்க?"

நாக்கு மன்னர் உள்பக்கமாக மடித்தார். பக்கத்து மேசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டவரும் அப்படித்தான் மடித்தார்.

படியிறங்கும்போதே மகள் தாரிணி போனில் அழைத்தாள்.

"அப்பா, ஒங்க பேர்ல அஞ்சு நட்சத்திரம் விழுந்திருக்கே! ஒங்க நாக்குக்கே பிடிச்சிருச்சுன்னா வேறென்ன வேணும்? நிச்சயதார்த்த விருந்த அங்கயே சொல்லிட்டேன்."