செத்த மாடுகள் தின்ற புல்

“செத்த மாடு புல் தின்னுமா, வெர்லின்?”

நோரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தெற்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பண்ணைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தருபவள் அவள் ஒருத்திதான். எதிரே உட்கார்ந்திருந்த வெர்லின் தொப்பியை முழங்காலில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு வருட ரசீதுகளை அடைத்துக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய மேய்ச்சல் நிலத்துக்கும் அவளுடையதுக்கும் நடுவே ஒரே ஒரு வேலிதான்.

“என்ன சொல்றே?”

“போன வருஷம் ஜனவரி பனிப்புயல்ல அறுபது மாடு செத்துதுன்னு சர்க்கார்ல நிவாரணம் வாங்கியிருக்கே. சரி, அதுவும் வருமானம்தான், எழுதிட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் லாரி லாரியா புல் வாங்கியிருக்கியே? மிச்ச மாட்டுக்கு இதுல பாதிகூட வேண்டாமே.”

வெர்லினின் கழுத்து சிவந்தது.

“அந்த ரசீதெல்லாம் தெரியாம வந்துடுச்சு. வண்டியில கிடந்ததை அப்படியே அள்ளிப் போட்டேன். எடுத்துடு.”

“எடுத்தா வரி எகிறும்.”

“எகிறட்டும். கட்டிக்கிறேன்.”

இத்தனை வருஷத்தில் ஒரு செலவை வேண்டாம் என்று சொன்ன பண்ணைக்காரனை அவள் பார்த்ததில்லை. வேலிக்கு அடித்த ஆணியைக்கூட விடாமல் எழுதச் சொல்கிறவர்கள்.

குரலைத் தாழ்த்தினாள். “அந்த மாடுங்க உயிரோட இருக்கா? எங்கேயாவது ஒளிச்சு வெச்சிருக்கியா? பொய் நிவாரணம்னா ஜெயில், வெர்லின். கையெழுத்துப் போடற எனக்கும் சேர்த்து.”

“சத்தியமா செத்துப்போச்சு. வேலியோரம் நின்ன இடத்துலயே விறைச்சுப் போனதை நான்தானே இழுத்துப் போட்டேன்.”

“அப்போ புல்லை யார் தின்னா? வித்துட்டியா?”

“விக்கல.”

“பின்னே?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“நாளன்னிக்கு மார்ச் ஒண்ணு, பண்ணைக்காரங்க வரிக் கணக்குக்குக் கடைசி நாள். அதுக்குள்ள கணக்கு போகலேன்னா பாங்க் இந்த வருஷக் கடனைத் தராது. கடன் இல்லேன்னா உன் பண்ணை ஏலத்துக்குப் போகும். வாயைத் திறந்து சொல்லேன், மனுஷா!”

“சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு? எவளோட மாட்டுக்காவது தீனி போடறியா?”

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

“எங்க வீட்டுக்காரர் லைலைப் பாரு. அதே புயல்தான். ஒரு கன்னுக்குட்டி போகல. முன்யோசனையா புல் சேர்த்து வெச்சிருந்தார். இப்படி முழிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வரல.”

வெர்லின் எழுந்து ரசீதுகளைப் பெட்டிக்குள் திணித்தான். “வேற ஊர்ல யாரையாவது பாத்துக்கிறேன்.”

“ரெண்டு நாள்ல எவன் எழுதுவான்? நில்லு!”

அந்த வட்டாரம் முழுக்கப் புல் லாரி ஓட்டும் மில்லார்டைப் போனில் கூப்பிட்டாள். வெர்லின் பதறிப்போய்த் திரும்பினான். “வேண்டாம் நோரீன், வெச்சுடு! ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்ல, வெச்சுடு!”

அவள் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“மில்லார்ட், போன வருஷம் வெர்லின் வாங்கின புல்லை எங்க கொண்டுபோய் இறக்கினே? மழுப்பாதே. இது வரி விவகாரம்.”

லாரி எஞ்சின் சத்தத்துக்கு நடுவே மில்லார்டின் குரல் வந்தது.

“உங்க கொட்டகையிலதான்க்கா. பாதிக் குளிர்காலத்துலயே லைல் அண்ணனுக்குப் புல் தீர்ந்துபோச்சு. தன் பேர்ல வாங்கினா ரசீது உங்க கையிலதான் வந்து விழும், மானம் போயிடும்னு, வெர்லின் அண்ணன் பேர்ல வாங்கிக்கச் சொன்னார்.”