கை காட்டினால் நிற்கும்

கை காட்டினால்தான் இங்கே ரயில் நிற்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் காக்கைகூட இறங்க யோசிக்கிற இந்தக் குட்டி நிலையத்துக்கு, பூந்தொட்டிகளுக்காகப் பரிசு கிடைத்திருக்கிறது. பித்தளைப் பட்டயத்தை, பெற்ற பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு, நிலைய நண்பர்கள் சங்கத் தலைவர் டென்சில் துரை படம் எடுக்க நடைமேடையில் சங்கத்தாரை நிற்க வைத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பின்னால் லவ்டே தவிக்கிறாள். புருஷனுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. இப்போது வரும் வண்டியை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். "டென்சில், கொஞ்சம் வழி விடுங்க. நான் வண்டியை நிறுத்தணும். அவருக்கு ரொம்ப முடியல." "அவருக்கு எப்பதான் முடிஞ்சுது? அப்படியே நில்லுங்க, படத்துல ஆள் குறையுது. முகம் ஏன் ஊசிப்போன மீனாட்டம் இருக்கு? சிரிங்க!" பாறை வளைவில் இரண்டு பெட்டி வண்டி தலைகாட்டுகிறது, அதன் முகப்புக் கண்ணாடியில் வெயில் தெறிக்கிறது. லவ்டே கையை உயர்த்துகிறாள். "ஆகா, அதேதான்! எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்கிறார் டென்சில். அத்தனை கைகளும் எழுகின்றன. ஒருவர் கை காட்டினால் பயணி. ஊரே காட்டினால் திருவிழா. நுனிக்காலில் எம்பி, தொண்டை கிழியக் கத்துகிறாள் லவ்டே. ஓட்டுநர் சிரித்தபடி கையசைத்து, நீளமாக ஊதிவிட்டுக் கடந்து போகிறார். தொட்டிப் பூக்கள் காற்றில் தலை சாய்கின்றன. "பாத்தீங்களா? நமக்கு சல்யூட் அடிச்சிட்டுப் போறான்!" படம் எடுத்தவள் கேமராவைப் பார்த்துப் பூரிக்கிறாள். "பின்னாடி நிக்கிற அம்மா கைதான் எல்லாத்தையும் விட உசரம். காலண்டர் அட்டைக்கு இதையே போட்டுடலாம்." தண்டவாளத்தின் முனகலும் அடங்குகிறது. "அம்மா, எடுத்தாச்சு. கையை இறக்குங்க."