விழுந்தாலும் கைதட்டல்

மொரியோகா பனிச்சறுக்கு அரங்கின் உயரமான சன்னல்களில் மாலை வெயில் சாய்ந்து இறங்குகிறது. வெறும் பயிற்சிதான் என்றாலும் இருக்கைகள் நிறைந்திருக்கின்றன. கம்பித் தடுப்பு நெடுக நொதோகாவின் பெயர் எழுதிய துணிகள் தொங்குகின்றன. ஜப்பானே செல்லம் கொடுக்கும் அந்தச் சறுக்கு வீராங்கனை வேகமெடுத்து, மும்முறை சுழலும் தாவலுக்கு எழும்பி, இடுப்பில் அடிபட விழுகிறாள். உடனே கைதட்டல் எழுகிறது. "பரவாயில்ல நொதோகா!" என்று யாரோ கூவுகிறார்கள். ஒட்டிய பனித்தூளைக்கூடத் தட்டாமல் அவள் தடுப்போரம் நிற்கும் பயிற்சியாளர் அகுட்சுவிடம் வருகிறாள். "முன்னெல்லாம் நான் விழுந்தா ஐயோன்னு ஒரு சத்தம் வரும், மாஸ்டர். இப்ப கைதட்டுறாங்க." "உன்மேல அவ்வளவு பிரியம்மா." "தெரியும். அதுதான் அலுப்பா இருக்கு."

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். "போதும்னு தோணினா நிறுத்திக்கலாம், இன்னிக்கே." அவள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பனிக்குத் திரும்பிப் போகிறாள். காலணிக் கத்திகள் பனியைச் சீவும் ஓசை அரங்கைச் சுற்றி வருகிறது. எழும்புகிறாள், சுழல்கிறாள், வலது கால் மயிரிழை பிசகாமல் பனியைத் தொட்டு, பின்னோக்கி நீண்ட வளைவாக வழுக்கிச் செல்கிறது. இரண்டு வருடமாக அவளுக்கு வராத தாவல். அதற்கும் அதே கைதட்டல்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் பழக்கத்தில் அவர்களுக்குத் தலை வணங்கிவிட்டு நேராக அகுட்சுவிடம் வருகிறாள். "நல்லா இறங்கினேனா, மாஸ்டர்?" "நல்லா இறங்கினம்மா" என்கிறார் அவர். அவள் தடுப்பின் மேல் நெற்றியைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொள்கிறாள்.